ரண வைத்தியர் ஸாம்ப்ஸன் காம்ஜி

பெரியோர் பலர் தம் பெயரைக் கல்லிலும் செம்பிலும் பொறித்துச் சென்றனர். வேறு சிலருடைய பெயரோ அவர்கள் ஆக்கிய பொருளின்மேல் ஒட்டிக்கொண்டு, நாளடைவில் அப்பொருளுக்கே பெயராகிவிடுகின்றது. அங்ஙனம் ஆனபின் பொருளை வழங்குவோர் அதனை ஆக்கிய மனிதரை அடியோடு மறந்துவிடுகின்றனர். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலே தாதியர் கம்ஜி ரோல் என்றும் கம்ஜி பேட் என்றும் சொல்லிக் கையாளும் பஞ்சுத் தகடு ஒன்றுண்டு. காஸ் எனப்படும் மெல்லிய வலைத்துணிகள் இரண்டனுக்கு நடுவே வெண்பஞ்சினை மெத்தைபோற் பரப்பி அமைத்ததே அது. கம்ஜி என்பது மருந்தின் பெயரோ, ஊரின் பெயரோ, துணிவகையின் பெயரோ என்று ஐயுறுவார் பலர். அஃது ஒரு மனிதரின் பெயர். காம்ஜி என்னும் அப்பெயர் வழக்கிற் சிறிது திரிந்து கம்ஜி ஆயிற்று. அவர் யாவர், அவர் செய்த இத்தகட்டிற்கு அத்துணைப் பெருமை எதனால் வந்தது என்பவற்றை நம் மாணவ நண்பர்களுக்குச் சுருங்க எடுத்துரைப்பதே ஈண்டு நமது கருத்து.

ஜோஸப் ஸாம்ப்ஸன் காம்ஜி 1828-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17-ஆம் நாள், இத்தாலி தேசத்தில் லிவோர்னோ என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயர், கால்நடை வைத்தியத் தொழிலை மேற்கொண்டு அந்நாட்டில் வாழ்ந்தவர். ஆகவே மைந்தர் ஆங்கில நாட்டுக் குடியினராயினும் இத்தாலிய மொழியிலும் வல்லவராய் வளர்ந்தனர். அக்குடும்பம் அறிவுச் செல்வத்தால் நிறைந்த குடும்பம். ஸாம்ப்ஸனின் சகோதரருள் ஜான் என்பவர் புகழ்பெற்ற கால்நடை வைத்தியர். 1865-இல் ஆங்கில நாட்டின் மாட்டுமந்தைகளைப் பாழாக்கிய கொள்ளைநோயைக் குறித்து ஓயாது எச்சரித்தவர். 1876-இல் லண்டன் நகரில் யந்திரத்தாற் பனிக்கட்டித் தளம் அமைத்துக் காட்டியவரும் அவரே. ஆர்தர் என்னும் மற்றொருவர் உடலியல் ஆராய்ச்சியிற் சிறந்து, மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கலாசாலையிற் பேராசிரியராய் விளங்கினார்.

ஸாம்ப்ஸன் தந்தையின் தொழிலையே தாமும் கற்க எண்ணி, லண்டன் மாநகர் சென்று கால்நடை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்து தேறினார். குதிரையின் காலையும் மாட்டின் குளம்பையும் ஆராய்ந்த கண், பின்னர் மனிதரின் நோயையும் ஆராய விழைந்தது. அவர் லண்டன் யூனிவர்ஸிடி கலாசாலையிற் சேர்ந்து மனித வைத்தியம் பயின்று, 1854-இல் ரண வைத்தியராய்த் தகுதி பெற்றார். அந்நாட்களையொட்டி அதே கலாசாலையிற் பயின்ற மற்றொருவர் ஜோஸப் லிஸ்டர் என்பார். ஒரே கலாசாலையிலிருந்து வெளிவந்த இவ்விருவரும் பின்னாளில் ஒரே வினாவிற்கு இருவேறு விடை தேடினர் என்பது நாம் நினைவில் இருத்தற்குரியது.

மாணவராய் இருக்கும்போதே காம்ஜி எழுதிய கட்டுரை ஒன்றிற்கு அக்கலாசாலையார் லிஸ்டன் பதக்கம் அளித்தனர். அதன் முதற் பகுதி 1853-இல் நூலாக வெளிவந்தது. எலும்பு முறிவுகளுக்குக் கஞ்சிப்பசை ஊட்டிய துணிக்கட்டு எவ்வாறு பயன்படும் என்பதே அதன் பொருள். பெல்ஜியம் நாட்டு ரண வைத்தியர் ஸூடன் என்பவர் அக்கட்டினைப் பரப்பியவர். பசை உலர்ந்ததும் கட்டு இறுகி, முறிந்த உறுப்பை அசையாது நிறுத்தும். வேண்டும்போது கத்தரித்துத் திறந்து பார்த்து மீளவும் மூடலாம். இக்காலத்து மாவுக்கட்டிற்கு அதனை ஒரு தமையன் எனலாம். உறுப்பு அசையாமல் ஓய்ந்திருத்தல், ஒருசீராய் அழுத்தப்படுதல், அடிக்கடி தொடப்படாதிருத்தல் ஆகிய மூன்றும் குணமாவதற்குத் துணை என்னும் கொள்கை அவருள்ளத்தில் அன்றே வேரூன்றிற்று. அவர் வாழ்நாளிற் செய்தன யாவும் இவ்வேரிலிருந்து கிளைத்தனவே.

கிரிமியா யுத்தம் நடந்த காலத்தில், 1855-இல், ஆங்கில அரசாங்கம் இத்தாலியரைக் கொண்டு ஒரு படை திரட்டிற்று. மால்டாத் தீவில் அப்படைக்கென அமைந்த ஆஸ்பத்திரிக்கு இத்தாலிய மொழியறிந்த காம்ஜி ரண வைத்தியராய் நியமிக்கப்பெற்றார். அங்கிருந்து மீண்டபின், 1857-இல், பர்மிங்ஹாம் நகரத்துக் குயீன்ஸ் ஆஸ்பத்திரியில் ரண வைத்தியராய் அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 29. உலைக்கூடங்களும் இரும்புப் பட்டறைகளும் இரவும் பகலும் ஒலிக்கும் அந்நகரிலே கை நசுங்கியும் கால் முறிந்தும் வருவோருக்குக் குறைவில்லை. காம்ஜியின் எஞ்சிய வாழ்நாள் அந்நகரத்து ஏழைத் தொழிலாளரிடையே கழிந்தது.

அவருடைய கைத்திறனைக் காட்டுதற்கு ஒரு செய்தி போதும். தொடையில் மிகப் பெரிய கட்டி வளர்ந்த நோயாளி ஒருவருக்கு இடுப்பு மூட்டோடு காலைத் துணிக்க நேர்ந்தது. துணிக்கப்பட்ட காலின் சுற்றளவு 48 அங்குலம். எடை 99 ராத்தல். அக்கால வைத்தியர் பெரிதும் அஞ்சிய அவ்வறுவையை அவர் வெற்றியுடன் முடித்து, அதன் வரலாற்றை 1865-இல் நூலாக வெளியிட்டார்.

ஆயினும் கத்தியின் திறமையால் மட்டும் நோயாளி பிழைப்பதில்லை. அக்காலத்து ஆஸ்பத்திரிகளின் நிலையை நாம் சிறிது அறிதல் வேண்டும். மயக்க மருந்து 1846-இல் வழக்கிற்கு வந்துவிட்டது. நோயாளி வலியறியாமல் உறங்க, வைத்தியர் அவசரமின்றி அறுக்கலாயினர். அறுவைக்குப் பின்னரோ புண் சீழ்ப்பிடித்தது, அழுகிற்று, அந்நஞ்சு இரத்தத்திற் கலந்து ஆளைக் கொன்றது. புண்ணின்மேல் வைக்கப்பட்டவை பழந்துணியைப் பிய்த்தெடுத்த நூற்கற்றைகளும், பழங்கயிற்றைச் சிக்கெடுத்த நாரும் ஆகும். ஒருவர் புண்ணைத் துடைத்த கடற்பஞ்சினை நீரில் அலசி, அடுத்தவர் புண்ணையும் அதனாலேயே துடைத்தனர். காலையும் மாலையும் கட்டைப் பிரித்துக் கழுவி, மறுபடி கட்டுவதே கடமையெனக் கருதினர். புண்ணிலிருந்து கசியும் நீர் கட்டினுள்ளேயே தேங்கி நாறிற்று. அறுவையிற் பிழைத்தவர் கட்டினுள் மாண்டனர் எனின் அது மிகையாகாது.

இத்தீங்கிற்குக் காரணம் கண்டவர் லிஸ்டர். பாஸ்டியர் என்னும் பிரெஞ்சு அறிஞர் புளித்தலும் அழுகலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால் நிகழ்வன என்று மெய்ப்பித்ததை அவர் படித்தறிந்தார். புண் அழுகுவதும் அத்தகையதே என்று உணர்ந்து, 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள், கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோல் கிழிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். சிறுவன் கால் இழவாமற் பிழைத்தான். இம்முறை வருவதற்கு முன் லிஸ்டர் உறுப்புத் துணித்த 35 பேரில் 16 பேர் இறந்தனர். வந்தபின் 40 பேரில் 6 பேரே இறந்தனர். உலக வைத்திய வரலாற்றில் இதனினும் பெரிய திருப்பங்கள் சிலவே.

லிஸ்டர் தம் கட்டினைப் பலமுறை மாற்றி மாற்றி அமைத்தார். கார்பாலிக் அமிலம், பிசின், மெழுகு ஆகியன ஊட்டிய வலைத்துணியை எட்டு மடிப்பாக்கி, வெளிமடிப்பின் உட்புறத்தே நீர்புகாத துணியொன்றைச் செருகி வைப்பது அவற்றுள் ஒரு முறை. நுண்ணுயிர் உள்ளே புகாவண்ணம் காவல் செய்வதே அக்கட்டின் முதல் நோக்கம். புண்ணீரைப் பருகுவது அதன் முதல் தொழிலன்று. 1870-களில் அறுவை அறையின் காற்றிலேயே கார்பாலிக் நீரைப் புகையெனத் தெளிக்கும் கருவியும் சேர்ந்தது. அம்மருந்து வைத்தியரின் கைகளை வெடிக்கச் செய்தது. புண்ணின் புதுச் சதையையும் அரித்தது.

காம்ஜி இம்முறையை அப்படியே கைக்கொள்ள உடன்படவில்லை. அவர் 1878-இல் வெளியிட்ட புண் சிகிச்சை பற்றிய நூலில் வற்புறுத்தியவை வேறு. புண் ஓய்ந்திருக்க வேண்டும். உறுப்பு ஏற்ற நிலையில் வைக்கப்பட வேண்டும். கட்டு மெல்ல, ஒருசீராய் அழுத்த வேண்டும். புண் உலர்ந்திருக்க வேண்டும். கட்டினை அரிதாகவே பிரித்தல் வேண்டும். மருந்துகளை அவர் வெறுத்தாரல்லர். தம் பஞ்சிலே மருந்தூட்டியும் பயன்படுத்தினார். எனினும் மருந்திற்கு முதலிடம் தந்திலர். லிஸ்டரின் வினா, புண்ணுக்குள் என்ன நுழைகின்றது என்பது. காம்ஜியின் வினா, புண்ணிலிருந்து வெளிவருவது எங்கே போகின்றது என்பது. இரண்டும் உயிரைப் பொறுத்த வினாக்களே. இரண்டாவதை அக்காலத்திற் பலர் வினாவாகவே எண்ணவில்லை.

கட்டினைப் பல நாள் பிரிக்காதிருக்க வேண்டுமாயின் கசியும் நீரையெல்லாம் அக்கட்டே குடித்துவிட வேண்டும். எது குடிக்கும்? பஞ்சு குடிக்கும் என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுவோம். செடியினின்று பறித்த பஞ்சினை ஒரு பாத்திரத்து நீரின்மேல் இட்டுப் பாருங்கள். அது மூழ்காது, மிதக்கும். ஏனெனில் ஒவ்வொரு பஞ்சிழையின்மீதும் மெழுகும் கொழுப்புமாகிய மெல்லிய போர்வை ஒன்றுண்டு. தாமரையிலையில் நீர் ஒட்டாததுபோல அப்போர்வைமீது நீர் ஒட்டாது. பிரெஞ்சு வைத்தியர் கேரன் என்பார், 1870-71-ஆம் ஆண்டுகளின் யுத்தத்திற் காயம்பட்டவர்க்குப் பஞ்சினைத் தடிப்பாய்ச் சுற்றிப் பல நாள் பிரியாது விட்டார். அவர் பஞ்சினைக் காற்றின் தூசியைத் தடுக்கும் வடிகட்டியாகக் கருதினாரேயன்றி நீர் குடிக்கும் பொருளாகக் கருதவில்லை. ஜெர்மனியில் விக்டர் புரூன்ஸ் என்னும் வைத்தியர் பஞ்சின் கொழுப்பை நீக்கி நீர்பருகும் பஞ்சினைச் செய்தார். 1873 முதல் ஹார்ட்மன் என்பாரின் தொழிற்சாலையில் அது பெருவாரியாய் ஆக்கப்பட்டது. காரநீரிற் கொதிக்கவைத்து மெழுகைப் போக்கி, வெளுத்து, அலசி உலர்த்திய பஞ்சு, நீரில் இட்ட கணமே மூழ்கும். தன் எடையைப்போல் 20 மடங்குக்கு மேற்பட்ட நீரைத் தாங்கும்.

எனவே நீர்பருகும் பஞ்சினை முதன்முதற் கண்டவர் காம்ஜி என்று கூறுதல் பொருந்தாது. அவர் செய்தது வேறொன்று. பஞ்சினைத் தனியே புண்ணில் வைத்தால் அதன் இழைகள் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும்; எடுக்கும்போது புதிதாய் முளைத்த சதை பிய்ந்து குருதி கசியும். அன்றியும் பஞ்சு ஓரிடத்தில் திரண்டும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். அழுத்தம் சமமாய் அமையாது. வலைத்துணியைத் தனியே வைத்தாலோ அது விரைவில் நனைந்து நிரம்பிவிடும். காம்ஜி இரண்டையும் ஒன்றாக்கினார். நடுவிலே கொழுப்பு நீக்கிய பஞ்சின் படுகை. கீழும் மேலும் நீர்பருகும் வலைத்துணி. இத்தகட்டினை அவர் 1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வைத்தியவுலகிற்கு அறிவித்தார்.

காண்பதற்கு இஃது எவ்வளவு எளிய பொருள்! எனினும் அதனுள் ஒரு தொழிற்பங்கீடு உண்டு. புண்ணை நோக்கிய துணி, நீரை உள்ளே விடுகின்றது. இழையை வெளியே விடுவதில்லை. நடுப்பஞ்சு, கோடிக்கணக்கான இழைகளின் இடுக்குகளாலே நீரை ஈர்த்து, ஓரிடத்தில் தேங்கவொட்டாமற் பரப்பித் தாங்குகின்றது. வெளித்துணி, பஞ்சின் உருவம் குலையாமல் கட்டிக் காக்கின்றது. ஆதலால் அதனைச் சுருட்டி வைக்கலாம், வேண்டிய அளவிற் கத்தரிக்கலாம், உறுப்பின் வளைவிற்கேற்ப மடித்து அழுத்திக் கட்டலாம். தனித்தனியே குறையுடைய இரு பொருள்கள் ஒன்றனையொன்று தாங்கிக் குறை நீங்கி நிற்பதே இதன் நுட்பம். செஸ்டர்பீல்டு நகரத்து ராபின்ஸன் கம்பெனியார் அதனைச் செய்து விற்க, காம்ஜி டிஷ்யூ என்னும் பெயரால் அது நாடெங்கும் பரவிற்று.

இனி, லிஸ்டருக்கும் காம்ஜிக்கும் இடைநின்ற வழக்கு எங்ஙனம் முடிந்தது? புண்ணைக் கெடுப்பது நுண்ணுயிரே என்னும் பெருங்கொள்கையில் லிஸ்டரே வென்றார், இதில் ஐயமில்லை. கிருமியுள்ள பஞ்சு எவ்வளவு நீரைக் குடித்தாலும் புண்ணைக் காக்க மாட்டாது. எனினும் லிஸ்டர் பொருட்டுக் கூறவேண்டிய ஒரு சிறப்புண்டு. தாம் வகுத்த காற்றுத் தெளிப்பு வேண்டுவதன்று எனத் தெளிந்தவுடன், அவரே அதனைக் கைவிட்டார். அதனையொட்டிய ஆண்டுகளில் பெர்லின் நகரத்துப் பெர்க்மான் முதலிய வைத்தியர்கள், புண்ணில் இடும் துணியையும் பஞ்சையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி போக்கும் முறையை நிலைநாட்டினர். அதன்பின் அறுவை அறைகளில் வழங்கியது எது? கார்பாலிக் தோய்ந்த எட்டு மடிப்புத் துணியன்று. கிருமி நீங்கிய, உலர்ந்த, நீர்பருகும் பஞ்சும் வலைத்துணியுமே. தூய்மை லிஸ்டர் தந்தது. உலர்ச்சி காம்ஜி முதலியோர் தந்தது. வாதத்தில் எதிர்நின்ற இருவர் கொள்கைகளும் ஒரே கட்டினுள் சேர்ந்து நோயாளியைக் காத்தன. வழக்கில் தோற்றவர் கையிலும் உண்மையின் ஒரு பங்கு இருக்கக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நாம் அறியோம்.

காம்ஜியின் கவலை புண்ணோடு நின்றுவிடவில்லை. புண்பட்டவரின் பையைப் பற்றியும் அவர் சிந்தித்தார். அக்காலத்து ஆங்கில நாட்டு ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் செல்வரின் கொடையால் நடந்தவை. பர்மிங்ஹாம் நகர ஆலயங்களில் 1859 முதல் ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை ஆஸ்பத்திரிகளுக்கென ஒதுக்கப்பட்டு வந்தது. தொழிலாளரும் தம் உழைப்பினின்று சிறு தொகை தந்து, இரவலராகவன்றி உரிமையுடையோராக ஆஸ்பத்திரி வாயிலிற் புக வேண்டும் என்று காம்ஜி விரும்பினார். அவருடைய முயற்சியால் 1873-இல் ஆஸ்பத்திரிச் சனிக்கிழமை நிதி என்பது அந்நகரில் தோன்றிற்று. பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைப்போர் தத்தம் கூலியிற் சிறு பங்கை அந்நிதிக்கு அளித்தனர். துளித்துளியாய்ச் சேர்ந்த அந்நிதி அவர் காலத்திற்குப் பின்னும் நெடுங்காலம் நிலைத்து வளர்ந்தது. ஒவ்வோர் இழையும் சிறிதே தாங்க, எல்லா இழைகளும் கூடிப் பெருநீரைத் தாங்கும் பஞ்சின் இயல்பு மக்கட் கூட்டத்திற்கும் உண்டு என்பதை அவர் இரு துறைகளிலும் கண்டார் போலும்.

எடின்பரோ ராயல் சங்கத்தார் அவரைத் தம் அங்கத்தினராக ஏற்றுச் சிறப்பித்தனர். ஆனால் உடல்நலம் குன்றிற்று. சிறுநீரகப் பிணியால் வருந்திய அவர் 1881-இல் ஆஸ்பத்திரிப் பணியினின்றும் விலகினார். விலகியபின்னும் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். புண்களையும் எலும்பு முறிவுகளையும் ஒருங்கே விளக்கும் தம் நூலின் விரிந்த பதிப்பை 1883-இல் வெளியிட்டார். 1886-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் நாள், தமது 58-ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார்.

அவர் அமைத்த தகட்டின் கதையோ அவரோடு முடியவில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த உலக யுத்தத்திற் பஞ்சு போதாதாயிற்று. பீரங்கிக்கு வேண்டும் வெடிமருந்திற்கும் பஞ்சே மூலப்பொருள். ஆகவே கொல்லும் தொழிலும் குணப்படுத்தும் தொழிலும் ஒரே பஞ்சிற்குப் போட்டியிட்டன. அப்போது ஸ்காட்லாந்து, அயர்லாந்து முதலிய இடங்களின் சதுப்பு நிலங்களில் வளரும் ஸ்பாக்னம் என்னும் பாசியை மகளிரும் சிறுவரும் சேகரித்து, உலர்த்தி, மஸ்லின் பைகளில் இட்டுத் தைத்துக் காயம்பட்டோர்க்கு அனுப்பினர். அப்பாசி தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு நீரைத் தாங்க வல்லது. நடுப்பொருள் மாறிற்று, இரு துணிகளுக்கு நடுவே நீர்பருகும் பொருள் என்னும் அமைப்பு மாறவில்லை.

அடுத்த மாறுதல் ரசாயன சாஸ்திரத்தினின்று வந்தது. பஞ்சிழை எதனால் ஆனது? ஒரே வகைச் சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கிற் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி அணுத்திரள்களால் ஆனது என்பதே விடை. இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உண்டென்று 1920-இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டாடிங்கர் எடுத்துரைத்தபோது பலர் மறுத்தனர். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாலிமர் என வழங்குவன இவையே. இயற்கை தந்த பாலிமர் பஞ்சு. மனிதர் செய்த பாலிமர் நைலான், பாலிப்ரொப்பிலீன் முதலியன. 1960-களில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த பியோரியா நகர ஆராய்ச்சிக்கூடத்தார், மாப்பொருளோடு செயற்கைப் பாலிமரைப் பிணைத்து, தூய நீரைத் தன் எடையைப்போற் பல நூறு மடங்கு உறிஞ்சும் பொருளொன்றைச் செய்தனர். அதன்பின் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வெண்டுகள் வழக்கிற்கு வந்தது. 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் ஜப்பானில் அது மகளிர் அணையாடைகளிலும் குழந்தைகளின் அணையாடைகளிலும் புகுந்து, பின்னர்ப் புண்கட்டும் தகடுகளிலும் இடம்பெற்றது.

பஞ்சு நீரைப் பருகுவதற்கும் இத்துகள் பருகுவதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. பஞ்சு நீரை இழைகளின் இடுக்கிலே வைத்திருக்கின்றது. பிழிந்தால் நீர் வெளிவந்துவிடும். காம்ஜி கண்ட இடர்ப்பாடு இதுவே. புண்ணை அழுத்தவும் வேண்டும், நீரைப் பருகவும் வேண்டும் என்றார் அவர். அழுத்தம் மிகுந்தால் பஞ்சு பருகியதைத் திரும்ப உமிழும். பாலிஅக்ரிலேட் துகளிலோ நெடுஞ்சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டுள்ளன. அவற்றின்மேல் உள்ள மின்னூட்டமும், உடனிருக்கும் சோடியமும் நீரை உள்ளிழுக்கின்றன; முடிச்சுகள் இருத்தலால் துகள் கரைந்தோடாமற் கூழாய் வீங்கி நிற்கின்றது. அக்கூழை அமுக்கினாலும் நீர் எளிதில் வெளிவராது. ஆனால் உப்புக் கலந்த நீரில் அதன் ஆற்றல் பெரிதும் குறையும். புண்ணீரும் சிறுநீரும் உப்புடையன. ஆதலின் அங்கே பல நூறு மடங்கு என்பது சுமார் 30 மடங்கு என்னும் அளவிற்கு இறங்கிவிடுகின்றது.

அங்ஙனமாயின் துகளை மட்டும் பையில் நிரப்பிவிடலாகாதோ எனின், ஆகாது. துகள்கள் நெருங்கிக் கிடந்தால் நீர் முதலிற்பட்டவை வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி, அணைபோல் வழியை அடைத்துவிடும். பின்னுள்ள துகள்கள் உலர்ந்தே கிடக்கும். அன்றியும் துகள் மெதுவாகவே பருகும். நீரோ திடீரெனப் பெருகும். ஆகவே மரக்கூழின் நாரும் செயற்கை இழையும் கலந்த படுகையினூடே துகள்களைத் தூவி, ஒன்றனையொன்று தொடாது விலக்கி வைக்கின்றனர். இழை விரைந்து ஏற்றுப் பரப்பும். துகள் மெல்ல வாங்கிப் பூட்டி வைக்கும். தோலை நோக்கிய புறத்தே பாலிப்ரொப்பிலீன் இழைகளாலான நெய்யப்படாத மெல்லிய துணி உண்டு. அது தான் நீரைக் குடிக்காது, உள்ளே கடத்திவிட்டுத் தான் உலர்ந்து நிற்கும். இவ்வாறு இழையும் துகளும் கூடிய இத்தகட்டினைக் கண்டால், 1880-இல் காம்ஜி அமைத்த மூன்றடுக்கே புதிய உடை உடுத்து நிற்பதாக நமக்குத் தோன்றும். பஞ்சின் குறையைத் துணி தீர்த்தது அன்று. இழையின் குறையைத் துகளும், துகளின் குறையை இழையும் தீர்ப்பது இன்று. இப்புதியன வந்தும் பழைய பஞ்சுத் தகடு நீங்கிவிடவில்லை. நேரே புண்மேல் இடுவதற்கு வேறு மென்துணிகள் உளவாயினும், அவற்றின்மேல் மெத்தையாகவும் நீர் தாங்கியாகவும் கம்ஜி ரோல் நம் ஆஸ்பத்திரிகளில் விற்பனையாகிக்கொண்டே இருக்கின்றது.

காம்ஜியின் பெயர் மற்றொரு வியத்தகு வழியிலும் வாழ்கின்றது. பர்மிங்ஹாம் வட்டாரத்து மக்கள் பஞ்சினையே காம்ஜி என்று வழங்கி வந்தனர். அவ்வட்டாரத்திற் சிறுவராய் வளர்ந்த டால்கீன் என்னும் ஆசிரியர், 1954-55-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மோதிரங்களின் தலைவன் பற்றிய தம் பெருங்கதையில், தலைவனை விட்டு நீங்காத் தோழனுக்கு ஸாம் காம்ஜி என்று பெயரிட்டார். அத்தோழன் மணந்த பெண்ணின் குடும்பப் பெயரும் பஞ்சினைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே. வீரம் மிக்க மன்னர் பலர் வரும் அக்கதையில், சுமையைத் தாங்கி உடன் நடந்து, தளர்ந்தவனைத் தோளிலே தூக்கிச் செல்பவன் அவ்வெளிய தோழனே. தாங்குவதையே தொழிலாகக் கொண்ட பொருளின் பெயர் அவனுக்கு அமைந்தது மிகவும் பொருத்தமுடையது.

நண்பர்களே, புகழ் பெரிய கேள்விகளை நாடிச் செல்வோர்க்கே உரியது என்று நாம் எண்ணுவது இயல்பு. லிஸ்டர் பெரிய கேள்வி கேட்டார். உலகம் அவரை என்றும் வணங்கும். காம்ஜி கேட்டது சிறிய கேள்வி: இந்நீர் எங்கே போகும்? அதற்கு விடையாக அவர் ஒரு கொள்கையையும் நிறுவிச் சென்றிலர். ஒரு முழம் பஞ்சுத் தகட்டை வைத்துச் சென்றார். அத்தகடு ஒருநூற்றாண்டுக்கு மேலாக எண்ணிறந்தோர் புண்ணீரைத் தன்பால் வாங்கிக்கொண்டு, அவர்கள் எழுந்து நடக்கக் கண்டு, பின் தீயிலிட்டு எரிக்கப்படுகின்றது. அதனைப் பாடுவார் இல்லை. எனினும் அடுத்த முறை ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் கம்ஜி என்று சொல்லக் கேட்பீராயின், லிவோர்னோவிற் பிறந்து, பர்மிங்ஹாமின் ஏழைத் தொழிலாளர்க்கு உழைத்து, பிறர் பொருட்படுத்தாத ஒன்றைப் பொருட்படுத்திய ஒரு மனிதரின் பெயர் அது என்பதை நினைவு கூர்வீராக.